முதலில் நனைத்துப் பாருங்கள்: பழைய போத்தலின் கோளாறும் கைவைத்தியமும்

மாரி முடிந்து தை பிறந்தால் எனக்குப் போத்தல் காலம். மட்டக்களப்பு முகத்துவாரத்தில் ஆற்றுவாய் திறந்து வெள்ளமெல்லாம் கடலுக்குப் போன பிறகு, 1913-இல் கட்டிய வெளிச்சவீட்டுப் பக்கம் கரையோரமாக நடந்தால், வாவி அதுவரை வயிற்றில் வைத்திருந்ததையெல்லாம் கக்கிப் போட்டிருக்கும். முக்கால்வாசி பிளாஸ்டிக். எப்போதாவது ஒரு பச்சைக் கழுத்து மணலுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். அதற்காகத்தான் நடப்பது.

கரையில் மட்டும் தேடுவதில்லை. கிணறு இறைக்கிறவர்கள், பழைய வளவில் அத்திவாரம் வெட்டுகிறவர்கள், பழைய இரும்பும் போத்தலும் எடுத்துக்கொண்டு போகிற காத்தான்குடி நானா என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். எங்கே கிடந்தது என்பதை மறக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள், போத்தலின் நோய் பாதி அதிலேயே தெரிந்துவிடும். வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கமான எழுவான்கரை மணலில் கிடந்தது உரசுப்பட்டு மங்கியிருக்கும். வாவிக்கு மேற்கே படுவான்கரை வயற்களியில் கிடந்தது துருக்கறையோடு வரும். வாவிச் சேற்றுப் போத்தல் கறுத்து நாறும். குசினித் தட்டில் இருந்ததில் எண்ணெயும் புகையும்.

கையில் எடுத்ததும் எல்லோரும் செய்கிற வேலை தேய்ப்பதுதான். அதைச் செய்யாதீர்கள். போத்தலை இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவிட்டு, ஒட்டியிருக்கும் மண் தானாகக் கழன்ற பிறகு பஞ்சுத் துணியால் துடையுங்கள். மணல் கண்ணாடியைக் கீறும். மண் ஒட்டிய போத்தலைத் தும்பால் தேய்ப்பதும் மணற்கடதாசியால் தேய்ப்பதும் ஒன்றுதான். இரும்புத் தும்பு வேண்டவே வேண்டாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், வாயில் எங்கேயாவது உடைப்பு இருந்தால் விரலுக்குத்தான் முதலில் தெரியும்.

கண்ணாடி மங்கியிருக்கிறது, என்ன கழுவியும் தெளியவில்லை

என்னிடம் கேட்பவர்களில் அரைவாசிப் பேர் கேட்பது இதைத்தான். மங்கல் மூன்று சாதி. ஒன்று, கிணற்றுத் தண்ணீரில் படிந்த சுண்ணாம்பு. இரண்டு, மணலும் அலையும் உரசியதால் வந்த சொரசொரப்பு. மூன்று, கண்ணாடிக்கே வந்த நோய். முதலாவதற்கு மருந்து உண்டு. மற்ற இரண்டுக்கும் வீட்டு வைத்தியம் கிடையாது. இது தெரியாமல் ஒரு மாதமாகத் தேய்த்துத் தேய்த்துக் கைநோவு பிடித்தவர்களை நான் கண்டிருக்கிறேன். முதல் வருடம் நானும் அவர்களில் ஒருவன்.

எப்படிப் பிரித்துப் பார்ப்பது? போத்தலைத் தண்ணீரில் முக்கி எடுத்து, ஈரத்தோடு வெயிலுக்கு நேரே பிடியுங்கள். ஈரத்திலும் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தால் மேலே ஏதோ படிந்திருக்கிறது, நல்ல செய்தி. ஈரத்தில் புதுப் போத்தல் மாதிரிப் பளபளத்து, காய்ந்ததும் மறுபடி புகைபிடித்தது போலாகிவிட்டால் கண்ணாடியின் மேற்பரப்பே போய்விட்டது என்று சந்தேகப்படலாம். கண்ணுக்குத் தெரியாத குழிகளில் வெளிச்சம் சிதறுவதால்தான் மங்கல் தெரிகிறது. தண்ணீர் அந்தக் குழிகளை நிரப்பினால் சிதறல் நிற்கும், காய்ந்ததும் திரும்பும்.

சந்தேகப்படலாம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. மெல்லிய சுண்ணாம்புப் படையும் சில வேளை ஈரத்தில் ஒளிந்துகொள்ளும். ஆகவே இரண்டாவது சோதனை: மங்கிய இடத்தில் ஒரு சொட்டு வினாகிரி. சின்னச் சின்னக் குமிழி எழும்பினால் சுண்ணாம்பு. சமையல் வினாகிரியில் அசற்றிக் அமிலம் நூற்றுக்கு 4 அல்லது 5 பங்குதான், அது போதும். போத்தலை அதில் முழுதாக மூழ்கவைத்து ஒரு நாள், படை தடிப்பென்றால் இரண்டு நாள் விடுங்கள். பாதி மட்டும் மூழ்கினால் நடுவில் ஒரு கோடு விழுந்து, அதைப் போக்கப் பிறகு தனியாக ஒரு நாள் வேண்டும். அவசரத்துக்குத் தேசிக்காய்ப் புளியும் கேட்கும், ஆனால் ஒரு போத்தலுக்கு இருபது தேசிக்காய் பிழிந்தால் வீட்டில் கதை வேறு மாதிரிப் போகும்.

வினாகிரியில் இரண்டு நாள் கிடந்த பிறகும் ஈரத்தில் தெளிந்து காய்ந்தால் மங்குகிறதா? அது மணல் உரசியதாக இருக்கும், இல்லையென்றால் நோய். நோய் வருவது இப்படி: கண்ணாடியில் மணலோடு சோடாவும் சுண்ணாம்பும் சேர்ந்திருக்கும். ஈரம் அதில் இருக்கும் சோடியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்துவிடும். நனைவதும் காய்வதுமாகப் பல வருடம் கிடந்தால் மேல்தோல் படையாகப் பிரியும். அந்தப் படைகளில் வெளிச்சம் பட்டுத்தான் சில போத்தல்களில் மயில் கழுத்து மாதிரி வானவில் நிறம் தெரிகிறது. அதை அழுக்கென்று நினைத்து உரித்துவிடாதீர்கள். விரல் நகம் பட்டாலே பொடியாக உதிரும், உதிர்ந்தால் அடியில் குழி விழுந்த கண்ணாடிதான் மிஞ்சும். எனக்கு அந்த நிறம் பிடிக்கும், அப்படியே வைத்திருக்கிறேன்.

வெளிநாட்டில் சேர்ப்பவர்கள் இந்த நோய்க்கு உருளை இயந்திரம் வைத்திருக்கிறார்கள். போத்தலைக் குழாய்க்குள் இறுக்கி, உள்ளே செம்புக் கம்பித் துண்டும் தண்ணீரும் சீரியம் ஒக்சைட்டுப் பொடியும் போட்டு நாட்கணக்கில் உருட்டுவார்கள். செம்பு கண்ணாடியைவிட மென்மையானது, பொடிதான் மேற்பரப்பைச் சுரண்டி மினுக்கும். வேலை சுத்தமாகத்தான் வரும். ஆனால் எழும்பி நிற்கும் எழுத்தின் கூர் மழுங்கி, போத்தல் சவர்க்காரக் கட்டி மாதிரி வழுவழுவென்று ஆகிவிடும். எனக்கு அதில் விருப்பமில்லை.

இந்த ஈரச் சோதனைக்கு இன்னொரு பயனும் உண்டு. விற்கிறவர் சிலர் நோய்பிடித்த போத்தலுக்குத் தேங்காயெண்ணெய் பூசித் துடைத்து வைப்பார்கள். தண்ணீர் செய்கிற அதே வேலையை எண்ணெய் நாட்கணக்கில் செய்யும். விலை பேச முன் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவைத்துக் காட்டச் சொல்லுங்கள். முகம் மாறினால் விளங்கிக்கொள்ளலாம்.

சிப்பி ஒட்டியிருக்கிறது

தோணியின் அடியில் ஒட்டுமே, அதே சிப்பிதான். கத்தியால் குத்திக் கிளப்பினால் கண்ணாடியும் சேர்ந்து சில்லாகப் போகும். சிப்பியும் சுண்ணாம்புதான், ஆகவே மேலே சொன்ன வினாகிரி. தடித்த சிப்பி என்றால் பொங்கி முடிந்ததும் வினாகிரியை மாற்றி, மூன்று நான்கு நாள் விடுங்கள். மெதுவான பின் மூங்கில் குச்சியால் தள்ளினால் விழும். ஒட்டியிருந்த இடத்தில் வட்டமாக ஒரு தடம் மிஞ்சினால் அது போகாது.

சிப்பியோடு அழகாக இருக்கிறது என்று அப்படியே அலுமாரியில் வைக்கிறவர்களும் உண்டு. வைக்கலாம், குறைந்தது இரண்டு கிழமை நல்ல தண்ணீரில் உப்பை இறக்கிய பிறகு. இல்லையென்றால் நாற்றத்தில் வீட்டில் யாரும் இருக்க முடியாது.

செம்மண்ணிறக் கறை அல்லது கறுப்புக் கறை

செம்மண்ணிறம் என்றால் இரும்பு. வினாகிரிக்கு அது மெதுவாகத்தான் அசையும். சிற்றிக் அமிலத் தூள் நல்லது, ஒரு லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீருக்கு மூன்று மேசைக்கரண்டி, இரண்டு நாள். மரவேலைக்காரர் மரக்கறை எடுக்கப் பாவிக்கும் ஒக்சாலிக் அமிலம் இதைவிட விரைவு. ஆனால் அது நஞ்சு. குசினிப் பாத்திரத்தில் கரைக்கக் கூடாது, தூளை மூச்சில் எடுக்கக் கூடாது, பிள்ளைகள் உள்ள வீட்டில் வைக்கவே கூடாது.

வாவிச் சேற்றில் கிடந்த போத்தலின் கறுப்பு வேறு கதை. காற்றுப் புகாத சேற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்து உண்டான கறுப்பு அது. வெளியில் எடுத்து வைத்தால் சில நாளில் தானாகவே பழுப்பாகும், பழுப்பான பிறகு சிற்றிக் அமிலம் கேட்கும். பொறுமையில்லாமல் கறுப்போடேயே அமிலத்தில் போட்டால் அழுகின முட்டை நாற்றம் கிளம்பும். அந்த வாயு உடம்புக்குக் கூடாது. முற்றத்தில், காற்றோட்டத்தில் வைத்துச் செய்யுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குப் போட எல்லா வீட்டிலும் குளோரின் தூள் இருக்கும். அமிலத்தில் போகாத கறைக்கு அதையும் சேர்த்துப் பார்ப்போம் என்ற எண்ணம் வரும். குளோரின் தூளும் எந்த அமிலமும், வினாகிரி என்றாலும், கழிவறை கழுவும் திரவம் என்றாலும், ஒன்றாகச் சேரக் கூடாது. சேர்ந்தால் நச்சு வாயு. ஒன்றைப் பாவித்தால் நன்றாக அலசி, மறுநாள்தான் மற்றது.

உள்ளே மஞ்சள் பிசுபிசுப்பு, அடியில் கரி

இது நம்முடைய ஊர்ப் போத்தலுக்கே உரிய வியாதி. சின்ன மருந்துப் போத்தலில் பாதி ஒரு காலத்தில் குப்பி விளக்காக எரிந்தவை. மின்சாரமில்லாத இரவுகளில் திரியும் மண்ணெண்ணெயும் ஊற்றிப் படித்தோம். மண்ணெண்ணெய் காய்ந்து அரக்கு மாதிரி இறுகிவிடும், நல்லெண்ணெய் வைத்த போத்தலும் அப்படித்தான். அமிலத்துக்கு எண்ணெய் அசையாது. சலவைச் சோடா வேண்டும்: ஒரு லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி, கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம். நாலைந்து மணி நேரம் ஊறவிட்டு ஊற்றிவிட்டு, மறுபடி புதிதாக. நாட்கணக்கில் விடாதீர்கள். அமிலத்துக்கு அசையாத கண்ணாடி, காரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். முன்பே நோய்பிடித்த போத்தலென்றால் இன்னும் கெதியாக.

கை போகாத கழுத்துக்கு ஒரு பிடி பச்சரிசியும் கால் போத்தல் சவர்க்காரத் தண்ணீரும் விட்டுக் குலுக்குங்கள். நொறுக்கிய முட்டைக்கோதும் சரி. கல்லும் மணலும் ஆணியும் போட்டுக் குலுக்கச் சொல்லும் புத்திமதியைக் கேட்காதீர்கள்.

குப்பி விளக்கின் மூடியில் திரி போட அடித்த ஓட்டை இருந்தால் மூடியை எறியாதீர்கள். எங்கள் அம்மம்மாவின் விளக்கொன்று என்னிடம் இருக்கிறது. கழுவ எடுத்தபோது, “கரிய மட்டும் அப்பிடியே விடு மனே, மறுகா அது வெறும் போத்தல்தானே” என்றா. கழுத்தில் கரி இன்னும் இருக்கிறது. வெளிப்புறம் மட்டும் துடைத்தேன்.

போளை அசையவில்லை

சோடாப் போத்தலின் கழுத்துக்குள் போளை, அதாவது கோலிக்குண்டு, அடைத்த வகையை இங்கிலாந்தின் ஹைரம் கொட் 1872-இல் காப்புரிமை பெற்றுக் கொண்டுவந்தார். தலைகீழாக வைத்து நிரப்புவார்கள், நிமிர்த்தும்போது உள்ளிருக்கும் வாயு போளையைக் கழுத்து வளையத்தின் றப்பரில் அழுத்திப் பிடிக்கும். குடிக்கும்போது போளை ஓடிவந்து வாயை அடைக்காதபடி கழுத்தில் இரண்டு குழி வைத்திருக்கும். முழுப் போத்தல் அருமையாகக் கிடைப்பதற்குக் காரணம் நம் பெரியவர்களிடம் கேட்டால் சிரிப்பார்கள்: போளை எடுக்கப் போத்தலை உடைத்ததே அவர்கள்தான்.

போளை அசையாவிட்டால் மூன்று காரணம். றப்பர் உருகிப் பிசினாகிப் பிடித்திருக்கலாம், மண் இறுகியிருக்கலாம், சுண்ணாம்பு கட்டியிருக்கலாம். கம்பியால் குத்த வேண்டாம், உள்ளே இருக்கும் வளையத் தவாளிப்புத்தான் முதலில் உடையும். தலைகீழாக இளஞ்சூட்டுத் தண்ணீரில் இரண்டு நாள். அசையவில்லையா, வினாகிரி இரண்டு நாள். அதற்கும் இல்லையா, றப்பர்தான். தேங்காயெண்ணெயைக் கழுத்தில் விட்டு ஒரு கிழமை நிறுத்தி வையுங்கள். பிறகு போத்தலை உள்ளங்கையில் மெதுவாகத் தட்டினால் “ளொக்” என்று விழும். அந்தச் சத்தத்துக்கு ஒரு கிழமை காத்திருக்கலாம்.

மருந்துக்கடைச் சாடிகளின் கண்ணாடி அடைப்பு இறுகினாலும் இதே எண்ணெய் வைத்தியம்தான். அடைப்பின் ஓரத்தில் எண்ணெய் விட்டு, மரக்கரண்டிக் காம்பால் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று தட்டுங்கள். திருகினால் அடைப்பின் காம்பு உடைந்து கையோடு வரும்.

கழுவும்போது “டிக்” என்றது

விரிசல். இதை நான் காசு கொடுத்துப் படித்தேன். நானா கொண்டுவந்து தந்த முதல் போளைப் போத்தல், கிணற்றுத் தண்ணீரில் குளிர்ந்து கிடந்தது. எண்ணெய்ப் பிசுக்கு கெதியாகப் போகட்டும் என்று கேத்தல் தண்ணீரை ஊற்றினேன். அடியிலிருந்து தோள்வரை ஒரே கோடு. பழைய கண்ணாடியின் தடிப்பு ஒரு பக்கம் விரலளவு, மறு பக்கம் நகத்தளவு. சூடு படும்போது ஒரு பக்கம் விரியும், மற்றது விரியாது. கை தாங்குகிற சூட்டுக்கு மேல் போகவே கூடாது, போத்தலும் தண்ணீரும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். வெயிலில் கிடந்ததை உடனே கிணற்றுத் தண்ணீரில் போடுவதும் அதே பிழை.

வாங்க முன்பே விரிசல் பார்க்க: கழுத்தைத் தளர்வாகப் பிடித்து நகத்தால் சுண்டுங்கள். நல்லது மணி மாதிரி நீட்டி ஒலிக்கும், விரிசல் உள்ளது “டொக்” என்று செத்த சத்தம் தரும். இருட்டில் ரோச் லைட்டை வாய்க்குள் அடித்துப் பார்த்தால் கோடு வெள்ளியாக மின்னும். கண்ணாடிக்குள் இருக்கும் காற்றுக்குமிழியைப் பார்த்து விரிசல் என்று பயப்படாதீர்கள்.

எந்தக் காலத்துப் போத்தலென்று பிடிபடவில்லை

அச்சின் பொருத்துக் கோட்டைப் பாருங்கள். பக்கவாட்டில் ஓடும் அந்தக் கோடு வாய்க்குக் கீழேயே நின்றுவிட்டால் வாயைக் கையால் முடித்திருக்கிறார்கள். வாயின் உதட்டைத் தாண்டிப் போனால் இயந்திரம். மைக்கல் ஓவன்ஸ் முழுத் தானியங்கி இயந்திரத்தை 1903-இல் ஓட்டிக்காட்டினார், அதற்குப் பிறகு கைவேலை படிப்படியாகக் குறைந்தது. தகர மூடி அழுத்தும் உதடு இருந்தால், அந்த மூடிக்கு வில்லியம் பெயின்டர் காப்புரிமை வாங்கிய 1892-க்கு முந்தியதாக இருக்க முடியாது.

அடியில் “1862” என்று இருக்கிறது, அப்ப பொன்னான போத்தல் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். அடியில் உள்ள இலக்கம் பெரும்பாலும் அச்சின் இலக்கம். பச்சையோ கறுப்போ, நாற்சதுரமாக, அடி ஒடுங்கித் தோள் அகன்று இருந்தால் ஒல்லாந்தர் ஜின் வகை, பெட்டியில் நெருக்கி அடுக்க அந்த உருவம். முட்டை மாதிரி அடி உருண்டு நிற்க மாட்டாத சோடாப் போத்தலைக் கண்டு பிழையாக வார்த்தது என்று நினைக்க வேண்டாம். அதைப் படுக்க வைக்கவே அப்படிச் செய்தார்கள். படுத்துக் கிடந்தால் தக்கை நனைந்து ஊதி வாயு போகாமல் நிற்கும்.

கத்தரிப்பூ நிறம் ஏறிய வெள்ளைக் கண்ணாடி உண்மையாகவே பழையதாக இருக்கலாம், மங்கனீசு சேர்த்த கண்ணாடி பல வருட வெயிலில் அப்படி மாறும். கடும் ஊதாவாக இருந்தால் கதிர்வீச்சுப் பெட்டியில் வைத்துச் செயற்கையாக நிறம் ஏற்றியது என்றே எடுத்துக்கொள்கிறேன். போளைப் போத்தல் இந்தியாவிலும் ஜப்பானிலும் இன்றைக்கும் புதிதாக வருகிறது, அதையும் மனதில் வையுங்கள்.

மண்வெட்டியில் இரும்பு தட்டுகிறது

நிறுத்துங்கள். மட்டக்களப்பைக் கண்ணிவெடியற்ற மாவட்டமென்று 2017-இல் அறிவித்துவிட்டார்கள், என்றாலும் கைவிடப்பட்ட குண்டுகள் வளவிலும் வாவியோரத்திலும் கிளம்புவது நின்றபாடில்லை. துருப்பிடித்து உருண்டையாக, நீளமாக எதுவும் கண்டால் தொடாமல் பின்வாங்கி 119-க்குச் சொல்லுங்கள். எந்தப் போத்தலும் கைக்கு ஈடாகாது.

கோட்டைப் பக்கமும் தோண்டக் கூடாது. போர்த்துக்கேயர் 1628-இல் கட்டி, ஒல்லாந்தர் 1638-இல் பிடித்த புளியந்தீவுக் கோட்டையைச் சுற்றி ஆசை வரத்தான் செய்யும். 1940-ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அனுமதியில்லாமல் தொல்பொருள் தேடி அகழ்வது குற்றம், 1815 மார்ச் 2-க்கு முந்திய பொருட்கள் அதில் தொல்பொருளாக வரும். அப்படி ஒன்று தற்செயலாகக் கையில் வந்தால் கழுவாமல் தொல்பொருள் திணைக்களத்துக்குக் காட்டுங்கள்.

உள்ளே இன்னும் ஏதோ இருக்கிறது

மணந்து பார்க்காதீர்கள், வாசற்படியில் ஊற்றாதீர்கள். நீல நிறத்தில் ஆறு பட்டையாக, இருட்டில் தடவினாலும் தெரியும்படி வரி போட்டிருந்தால் அது நஞ்சுப் போத்தல், விளக்கில்லாத இரவில் கை மாறிப்போகாமல் இருக்கத்தான் அந்த வரி. தக்கையோடு கிடைத்தால் தக்கையோடேயே வைத்துவிடுங்கள்.

அலுமாரியில் வைத்த பிறகு வியர்க்கிறது

கழுவிக் காயவைத்துப் பத்திரிகையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன், மாரியில் திறந்து பார்த்தால் பிசுபிசுவென்று ஈரம் என்பார்கள். நோய்பிடித்த கண்ணாடி காற்றின் ஈரத்தை இழுக்கிறது. கடதாசி அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆகவே சுற்றாதீர்கள். நல்ல தண்ணீரில் அலசி, கடைசி அலசல் வடித்த தண்ணீரில் என்றால் இன்னும் நல்லது, வாய் கீழே பார்க்கச் சரித்து ஒரு கிழமை காயவைத்து, காற்றாடும் திறந்த தட்டில் வையுங்கள். மூடியைத் திறந்தே வையுங்கள். கல்லடிக் கடற்காற்றில் உப்புப் படியும்தான், மாதம் ஒருக்கால் துடைத்தால் போதும்.

கடதாசி லேபல் ஒட்டிய போத்தலுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. தண்ணீர் காட்டாமல் மெதுவான தூரிகையால் தூசு தட்டுங்கள். உள்ளே மட்டும் கழுவ வேண்டுமென்றால் லேபலுக்கு மேல் மெல்லிய பொலித்தீனைச் சுற்றி, மேலும் கீழும் றப்பர் வளையம் போட்டு, போத்தலை நிமிர்த்தியே வைத்துக் கழுவுங்கள். கவிழ்க்கும்போது லேபல் இல்லாத பக்கமாகக் கவிழுங்கள்.